வயலினுக்கு விட்ட எட்டுக் கட்டம்

கல்முனைக் கத்தோலிக்கக் கோவில் பாடகர் குழுவுக்காக முந்நூறு வருடப் பழசான ஒரு பூசைப் பாட்டைத் திருத்தி எழுதினேன் என்று சொன்னால், "கொப்பி பண்ணினீங்களா டீச்சர்?" என்று கேட்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். கொப்பி பண்ணுவதென்றால் ஒரு பள்ளி விடுமுறைக்குள் முடித்திருப்பேன். எனக்கு வருடக்கணக்கில் போனது. அந்த உழைப்புக்கு யாரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை என்று நான் கோபப்படவில்லை. என் கோபம் அந்தப் பாட்டிலுள்ள எட்டே எட்டுக் கட்டங்களைப் பற்றியது.

எழுபதுகளின் கடைசியில் நான் கல்முனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் சங்கீதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஞாயிறுகளில் கோவிலில் ஆர்மோனியம் வாசிப்பேன். மட்டக்களப்பில் எனக்கு மேல்நாட்டு இசை கற்றுத்தந்த வெள்ளைக்கார சுவாமி ஒருவர், வயதாகித் தன் நாட்டுக்குத் திரும்பும்போது ஒரு கட்டுத் தாளை என்னிடம் விட்டுப்போனார். ஐரோப்பாவில் ஏதோ ஒரு மடத்தில் கிடந்த கையெழுத்துப் பிரதியின் புகைப்படங்கள். பரோக் காலத்துப் பூசை என்றார். இயற்றியவர் பெயர் இருக்க வேண்டிய முதல் தாளைக் காணவில்லை. இதைச் செய்து முடித்தால் உனக்குப் பொறுமை வரும் என்றும் சொன்னார். அது மட்டும் நடக்கவில்லை.

அந்தக் காலத்தில் எல்லாக் குரலையும் ஒரே தாளில் எழுதும் வழக்கம் இல்லை. சோப்ரானோ என்ற உச்சப் பெண் குரலுக்கு ஒரு புத்தகம், ஆல்டோ என்ற தாழ்ந்த பெண் குரலுக்கு ஒன்று, தெனோர், பாஸ் என்ற ஆண் குரல்களுக்கு ஒவ்வொன்று, இரண்டு வயலினுக்கு இரண்டு, ஓர்கன் வாசிப்பவருக்கு ஒன்று. அவரவர் தன் பாட்டை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டியது. நான் இவற்றையெல்லாம் பெரிய தாளில் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கினேன். அடுக்கிய பிறகுதான் யார் யாரோடு மோதுகிறார்கள் என்று தெரியும். ஓரிடத்தில் ஆல்டோ ஒரு கட்டம் முந்தி நுழைந்துவிடுகிறது. பிரதி எழுதியவர் தூங்கிவிழுந்துகொண்டே எழுதியிருக்கிறார். ஓர்கன்காரருக்கு அடிச்சுரமும் அதன் கீழே சில இலக்கங்களும்தான் உண்டு. ஆறு என்று போட்டிருந்தால் அவர் பார்த்தவுடன் சுரங்களைக் கூட்டி நிரப்பிவிடுவார். நான் அதை எங்கள் ஆர்மோனியத்துக்கு இடது கைக்கும் வலது கைக்குமாக நிரப்பி எழுத வேண்டியிருந்தது. எங்கள் குழுவில் ஐந்து கோட்டில் எழுதிய சுரத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. அதனால் ஒவ்வொரு குரலுக்கும் டோ, ரே, மீ என்று எழுத்தாக எழுதி, கீழே லத்தீன் சொற்களைத் தமிழ் எழுத்தில் போட்டேன். கட்டம் என்று நான் சொல்வது, தாளத்தை அளந்து இரண்டு நிமிர்ந்த கோடுகளுக்கு இடையே அடைக்கும் அந்தப் பெட்டியைத்தான். பழைய பிரதியில் அந்தக் கோடுகளும் பாதிக்குமேல் இல்லை. நானே போட்டேன்.

பள்ளி விட்ட பிறகு ஒத்திகை. பொழுதுபட்டுப் பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு கேட்டதும் முடித்துவிடுவோம். அந்த ஒலிபெருக்கியோடு போட்டி போட எங்கள் சோப்ரானோக்களுக்குத் தொண்டை போதாது. தவிர, பஸ்ஸைப் பிடித்துப் பாண்டிருப்புக்கும் அப்பாலும் போக வேண்டிய பெண்களும் இருந்தார்கள். பூசையின் முதல் பாட்டான 'கீரியே' ஒருமாதிரி சரிவந்தது. 'குளோரியா' என்ற வானவர் கீதத்துக்கு வந்தபோது சூறாவளி அடித்தது.

கோவில் கூரை முழுதாகப் போய்விட்டது. என் வீட்டுக் கூரையும் பாதி போனது. தெனோர் புத்தகத்தின் படங்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் பிய்ந்து வந்தன. அந்தப் பகுதியை மற்ற மூன்று குரல்களையும் இலக்கங்களையும் வைத்து நானே புதிதாக யோசித்து எழுதினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. இன்றைக்கும் அந்தத் தெனோரில் பிழை சொல்ல வருகிறவர் வரட்டும்.

கூரை வேலைக்கு வந்தவர்கள் இரண்டு பறங்கி சகோதரர்கள். போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கியர் என்றால் இந்தக் கரையில் தச்சுவேலை, இரும்புவேலை, கலியாண வீட்டில் வயலின். மூத்தவர் தடித்த ஆள், வாய்க்காரர். இளையவர் பேசுவதேயில்லை. கூரையில்லாத கோவிலில் நான் ஆர்மோனியத்தை வைத்து வயலின் வரிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது மூத்தவர் சாரத்திலிருந்து இறங்கி வந்தார்.

"டீச்சர், இது வயலினுக்கு உள்ளதெல்லோ. ஏன் இதில போட்டு இழுக்கிறீங்க?"

"வயலினுக்குத்தான். வாசிக்க ஆள் இல்லையே" என்றேன்.

"மேல ரெண்டு பேர் நிக்கிறம். உங்களுக்குக் கண் தெரியாதா?"

மறுநாளே வயலின்களோடு வந்தார்கள். சுரம் வாசிக்கத் தெரியாது. நான் ஆர்மோனியத்தில் வாசித்துக் காட்டினால் பிடித்துக்கொள்வார்கள், பிறகு விடவே மாட்டார்கள். மூத்தவர் எல்லாவற்றையும் வேகமாக ஓட்டுவார். நான் எழுதாத சுரங்களை நடுவே செருகுவார். கேட்டால், "வெறுமையாக் கிடக்கு, ஆக்கள் என்ன நினைப்பாங்க" என்பார். எனக்கும் அவருக்கும் சண்டை நடக்காத நாளில்லை. ஆனால் அந்த இரண்டு வயலினும் முதல் தடவை சேர்ந்து ஒலித்தபோது, தாளில் நான் மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தது இதுதானா என்று எனக்கு அழுகை வந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

குளோரியாவின் நடுவில் ஓரிடம். "உலகத்தின் பாவங்களைப் போக்குகிறவரே, எங்கள்மேல் இரக்கமாயிரும்" என்று நாலு குரலும் கெஞ்சி முடிக்கும். ஓர்கனும் நின்றுவிடும். அப்போது இரண்டு வயலினும் தனியே, எட்டுக் கட்டத்துக்கு, ஒன்றையொன்று துரத்திக்கொண்டு மேலே ஏறும். அதற்குப் பிறகுதான் பாடகர்கள் மகிழ்ச்சியாகத் திரும்ப நுழைவார்கள். கேட்டதற்குப் பதில் அந்த எட்டுக் கட்டத்தில் வருகிறது. இரக்கம் வந்து சேர்ந்துவிட்டது என்று வயலின்தான் சொல்கிறது. இயற்றிய மனிதர் அதை வார்த்தையில் சொல்ல விரும்பவில்லை.

அங்கே எங்களுக்கு ஒரு சிக்கல். கலியாண வீட்டில் மாப்பிள்ளையும் பொம்புளையும் ஆடி முடித்துக் கதிரையில் உட்காரும்வரை வயலினை நிறுத்தக் கூடாது. அது அவர்கள் தொழில் முறை. அதனால் எட்டாவது கட்டத்தில் நிறுத்தாமல் முதலிலிருந்து தொடங்கிவிடுவார்கள். பாடகர்கள் வாயைத் திறந்தபடி நிற்பார்கள். எண்ணச் சொன்னேன், வில் கையில் இருந்தால் எண்ண வராது என்றார் மூத்தவர். கடைசியில் ஒரு வழி செய்தோம். எட்டாவது கட்டத்தில் ஆல்டோ வரிசையில் நடுவே நின்ற, நல்ல உடம்புள்ள அக்கா ஒருவர் கதிரையில் இருந்துவிடுவார். அவர் இருந்தால் வயலின் நிற்கும். உடனே அவர் எழும்பிப் பாட வேண்டும். "பொம்புளை இருந்திட்டா, நிப்பாட்டு" என்று மூத்தவர் தம்பிக்குச் சொல்வார். அந்த அக்காவுக்கு நாலு பிள்ளைகள். அவர் சிரித்துச் சிரித்தே இரண்டு ஒத்திகையைக் கெடுத்தார். நான் அதையும் என் பிரதியில், அந்த இடத்தில், "இருக்க, உடனே எழும்புக" என்று குறித்துவைத்தேன்.

கூரை முடிந்தது. மட்டக்களப்பிலிருந்து ஆயர் ஆண்டகை வந்து கோவிலைத் திரும்பத் திறந்துவைக்க நாள் குறித்தார்கள். அன்றைய பூசைக்கு எங்கள் பாட்டு. அப்போதுதான் பங்குச் சபைத் தலைவர் வாயைத் திறந்தார். அரசாங்கக் கந்தோரில் பெரிய கிளார்க்காக இருந்து இளைப்பாறியவர். கோவிலில் உட்காரும் முதல் வாங்கு அவருடையது. சபைக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

"டீச்சர், பாட்டு நல்லம். ஆனா அந்த ரெண்டு பேரும் வேணாம்" என்றார் தலைவர்.

"ஏன் வேணாம்?"

"கலியாண வீட்டில சாராயத்தைக் குடிச்சுப்போட்டு பைலா அடிக்கிற வயலின். அது பீடத்துக்குக் கிட்ட வரப்படாது. ஆண்டகை என்ன நினைப்பார்?"

அவருடைய மகளின் கலியாணத்துக்கு வாசித்ததும் இதே வயலின்தான். சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு முதலில் ஆட இறங்கியதும் இவர்தான். அதை அந்த இடத்திலேயே சொன்னேன். கூட்டத்தில் இரண்டு பேர் நிலத்தைப் பார்த்தார்கள். தலைவர் என்னைப் பார்க்கவேயில்லை.

"நீங்க இருக்கிற வாங்கு அந்த ரெண்டு பேரில மூத்தவர் செஞ்சது" என்றேன். "உங்கட தலைக்கு மேல இருக்கிற கூரை அவர் போட்டது. ஆண்டகை இருக்கப்போற கதிரையை இப்ப வெளியில மினுக்கிக்கொண்டு நிக்கிறதும் அவர்தான். அந்தக் கையால செஞ்ச கதிரை பீடத்துக்குக் கிட்ட வரலாம், வயலின் வரப்படாதோ?"

"கதிரை வேற, சங்கீதம் வேற" என்றார் ஒருவர். மற்றவர்கள் அதைப் பெரிய ஞானவாக்குப்போலத் தலையாட்டினார்கள். பங்குச் சுவாமி நல்ல மனிதர். நல்ல மனிதர்கள்மேல் எனக்கு வந்த கோபம் கெட்டவர்கள்மேல் வந்ததில்லை. அவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "டீச்சர், இந்த ஒரு முறை விட்டுக்குடுங்க, அந்த வயலினை நீங்க ஆர்மோனியத்தில வாசிச்சா ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

வாசித்திருக்கலாம். எட்டுக் கட்டம், ஓர்கனும் இல்லாத இடம், இரண்டு கையும் சும்மா இருக்கிறது. ஒரு பாடசாலைப் பிள்ளைகூட வாசித்துவிடும். ஆனால் இரண்டு மனிதரைக் கோவிலுக்கு வெளியே தள்ளிவிட்டு அவர்கள் இடத்தை என் விரலால் நிரப்பினால், தள்ளிய இடமே தெரியாமல் போய்விடும். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன் என்று முடிவுசெய்தேன். அந்த இடம் ஓட்டையாகவே இருக்கட்டும், வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

மூத்தவரிடம் சொல்லப் போனேன். அவர் கதிரைக் காலுக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு முந்தியே தெரியும் டீச்சர்" என்றார். "நீங்கதான் தெரியாமப் பாடுபட்டிருக்கீங்க."

"திறப்பு விழாவுக்கு வருவீங்கதானே?"

"கூரைக்குக் கீழ வாசிக்கிறதுக்கு நாங்க ஆகாட்டி, கூரைக்குக் கீழ இருக்கிறதுக்கும் ஆகா" என்றார். திரும்பக் குனிந்து தூரிகையை எடுத்தார். வார்னிஷ் மட்டும் ஒழுங்காக அடித்தார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நானாக இருந்தால் ஒரு காலைக் கொஞ்சம் குட்டையாக வெட்டியிருப்பேன்.

பாட்டின் பிரதிகளை றோணியோ மெசினில் அடித்துத் தருபவர் கல்முனைக் கடைத்தெருவில் இருந்த ஒரு முஸ்லிம் நானா. பரீட்சைத் தாளும் பள்ளிவாசல் அறிவித்தலும் அடிக்கிறவர். என் ஸ்டென்சிலைத் திரும்பக் கொண்டுபோய், வயலின் சுரங்களை மட்டும் திருத்து மருந்தால் மறைக்கச் சொன்னேன். கோடும் கட்டமும் அப்படியே இருக்க வேண்டும்.

"வெறும் பெட்டியா விழுமே டீச்சர்" என்றார்.

"விழட்டும்."

"மெசின் பிழை எண்டுதான் ஆக்கள் சொல்லுவாங்க. எனக்கெல்லோ கெட்ட பேர்."

"கேட்டா என்னட்ட அனுப்புங்க நானா. பிழை எங்க இருக்கு எண்டு நான் சொல்லுறன்."

அவர் முகத்தைச் சுளித்தார், ஆனாலும் அடித்துத் தந்தார். ஒவ்வொரு பிரதியிலும் குளோரியாவின் நடுவே எட்டு வெறும் பெட்டிகள்.

திறப்பு விழா அன்று கோவில் நிறைந்து வழிந்தது. குழு நன்றாகப் பாடியது. "எங்கள்மேல் இரக்கமாயிரும்" என்று முடித்தார்கள். நான் இரண்டு கையையும் ஆர்மோனியத்திலிருந்து எடுத்து மடியில் வைத்தேன். எட்டுக் கட்டம் என்பது ஒன்றும் நடக்காதபோது மிக நீளமானது. முதலில் ஒரு பிள்ளை அழுதது. யாரோ இருமினார். பாட்டு முடிந்ததென்று பின்வரிசையில் சிலர் உட்காரப் போய் மீண்டும் எழும்பினார்கள். எட்டாவது கட்டத்தில் ஆல்டோ அக்கா பழக்கத்தில் கதிரையில் உட்கார்ந்துவிட்டு எழும்பினார், இந்த முறை சிரிக்கவில்லை. தலைவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை எனக்குப் போதுமாக இருந்தது. ஊருக்கே தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவ்வளவு சந்தோசம் எனக்கு.

பூசை முடிந்து சுவாமி வீட்டில் விருந்து. ஆண்டகை என்னை அழைத்தார்.

"அந்தப் பாட்டுக்கு நடுவில நீங்க வைச்ச மௌனம் மிகவும் அழகு. இரக்கம் கேட்டுவிட்டு அமைதியாகக் காத்திருப்பது. எனக்கு உடம்பு சிலிர்த்தது."

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற தலைவர், "ஓம் ஆண்டகை, அது சபையில கலந்து பேசி எடுத்த முடிவு" என்றார்.

"அது மௌனமில்ல ஆண்டகை" என்றேன். "அதில ரெண்டு வயலின் வாசிக்க இருந்தது. வாசிக்கிறவங்களை உள்ளுக்கு விடல்ல."

தலைவர் சிரித்தார். "டீச்சர் இப்படித்தான் ஆண்டகை, பகிடிக்காரி." ஆண்டகையும் சிரித்தார். சுவாமி ஒரு தட்டுக் கேக்கை என் கையில் தந்தார். நான் அந்தத் தட்டை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வழி முழுதும் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. பிரயோசனமில்லை.

பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றுவரை பொறுக்கவில்லை. பங்குச் சபை என் பிரதியை எடுத்துப் புதிதாக அடித்தது. ஆண்டகை பாராட்டிய பாட்டல்லவா, மற்றக் கோவில்களும் கேட்டன. எட்டு வெறும் பெட்டிகள் இருந்த இடத்தில், "மௌனம். தலை வணங்கி நிற்கவும்" என்று யாரோ அழகாக எழுதிவிட்டார்கள். நான் கண்டுபிடித்துச் சேர்த்த தெனோர் அப்படியே இருந்தது, போட்ட கோடுகள் அப்படியே இருந்தன. வயலின் என்ற சொல் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. கேட்ட கோவில்களுக்கெல்லாம் நான் வயலின் வரிகளைத் தனியே எழுதி அனுப்பினேன். ஒரு பங்குச் சுவாமி பதில் சொல்லி அனுப்பினார்: இங்கே மக்கள் அந்த மௌனத்துக்குப் பழகிவிட்டார்கள், இனி மாற்றினால் விரும்ப மாட்டார்கள். பழக எத்தனை காலம் வேண்டியிருந்தது? இரண்டு திருநாள்.

சகோதரர்களில் இளையவர் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். மூத்தவர் மகளோடு இருக்க மட்டக்களப்புப் பக்கம் போனார். எண்பதுகள் முடியப்போகும் காலம், சண்டைக்கு நடுவே பஸ் ஓடுகிற நாளைப் பார்த்து, ஒரு திருநாளுக்கு நானும் அங்கே போனேன். கோவில் வாசலில் அவரைக் கண்டேன். உடம்பு வற்றியிருந்தது, வாய் அப்படியே இருந்தது. "இன்னும் அந்த ஆர்மோனியத்தைப் போட்டு இழுக்கிறீங்களா?" என்று கேட்டார். பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். இங்கேயும் அந்தப் பாட்டுத்தான் என்று எனக்குத் தெரியாது. வயலின் இடம் மௌனமாகிப் போனதை அவரிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை, சொல்ல வாய் வந்ததில்லை.

குளோரியா தொடங்கியதும் அவர் நிமிர்ந்தார். அங்கே பாடியவர்கள் இளம் பிள்ளைகள், நன்றாகப் பாடினார்கள். "எங்கள்மேல் இரக்கமாயிரும்" என்று கெஞ்சி முடித்தார்கள். ஆர்மோனியம் நின்றது. எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். பாடகர்கள், சனங்கள், பீடத்தில் நின்ற சுவாமி, எல்லோரும்.

மூத்தவர் மட்டும் குனியவில்லை. பாடகர் பக்கம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குக் குரலைத் தாழ்த்தத் தெரியாது.

"டீச்சர், எங்க ரெண்டு பேரையும் பார்த்துக் காத்துக்கொண்டா நிக்கிறாங்க?"

முன் வாங்கில் இருந்தவர்கள் திரும்பினார்கள். ஒரு பெண் உஸ் என்றாள். இன்னும் நாலைந்து கட்டம் மீதி இருந்தது.

"ஓம்" என்றேன், கோவில் முழுக்கக் கேட்கும்படி. "உங்களைத்தான்."